கீழே இருப்பது வியாழனா வெள்ளியா?

ஜூன் 1, திங்கள்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஜவ்வரிசி ஆலையில் கொடுத்த டைரி, ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. பாதி வருடம் போன பிறகு எழுதத் தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. இந்த மாதம் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு. நல்லபடியாக நடந்தால் கல்வராயன் மலையில் இது எனக்குக் கடைசி மாதம். பிறகு எப்போதாவது புரட்டிப் பார்க்க ஏதாவது இருக்கட்டும்.

இன்று பள்ளி திறந்தது. பெருங்கல்பட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. பலாப்பழம் தீராமல் அவர்கள் வரமாட்டார்கள், அது தெரிந்த கதைதான். தலைமையாசிரியர் எட்வின் சார் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டதால் பொறுப்பு என் தலையில். மிச்சம் நானும் இளவரசியும். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்.

இளவரசி எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள். பள்ளிக்குப் பின்புறம் ஒரே வாடகை வீட்டில் இருவரும் இருக்கிறோம். திங்கள் காலை பஸ்ஸில் மேலே வந்தால் வெள்ளி மாலை பஸ்ஸில் கீழே போவோம். அவள் சமைத்தால் உப்பு இருக்காது, நான் சமைத்தால் உறைப்பு தாங்காது. இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டே சாப்பிடுவோம்.

விடிவதற்குள் கிளம்பும்போது மகள் இனியா விழித்துக்கொண்டாள். முதல் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். அழவில்லை, போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 2, செவ்வாய்

இளவரசி விடுமுறையில் ஒரு புதிய வித்தை கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். போனில் வானத்தைக் காட்டும் செயலி. போனை எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்தில் என்ன நட்சத்திரம், என்ன கிரகம் என்று பெயரோடு காட்டுகிறது. சிக்னல் கூட வேண்டாமாம். இந்த ஊருக்கு அதுதான் பெரிய தகுதி.

பொழுது சாய்ந்ததும் சிக்னல் பாறைக்கு ஏறினோம். ஊரில் போன் எடுக்கும் ஒரே இடம் அதுதான், மேற்குப் பக்கம் நன்றாகத் திறந்திருக்கும். முதலில் செயலி கிழக்கே போய்ச் சூரியனைத் தேடியது. "திசை கொழம்பிடுச்சுக்கா. எட்டு போடணும்" என்றாள். லைசென்ஸ் எடுக்க பைக்கில் போடும் எட்டை இவள் கையால் காற்றில் போட்டாள். நானும் ஒரு எட்டு போட்டேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் நின்று பார்த்துவிட்டு, பேய் ஓட்டுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஆடுகளை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு போட்ட பிறகு சரியானது. மேற்கே கீழே பளிச்சென்று ஒன்று. "வெள்ளி" என்றாள். அதற்கு மேலே கொஞ்சம் மங்கலாக இன்னொன்று. "அது வியாழன்." இத்தனை நாள் இரண்டையும் நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு வயதில் வெள்ளியை முதல் தடவை பெயர் தெரிந்து பார்த்தேன். சனி எங்கே என்று கேட்டேன். "அது விடியக்காலைலதான் வரும்க்கா. நமக்கு இருக்கற சனி போதும்" என்றாள்.

என் போனில் ஏற்ற முடியாது. இடமில்லை. முழுக்க இனியாவின் வீடியோக்கள். "பழசை அழிச்சிடுங்கக்கா" என்றாள். இனியா நடை பழகியதை அழித்துவிட்டு வியாழனைப் பார்க்க வேண்டுமா? இவள் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, வியாழன்

காலியிடப் பட்டியல் வந்துவிட்டதாம். நயினாபுரத்தில் ஒரு இடம். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப்பிங். காலையில் இனியாவுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்குப் போகலாம், சாயங்காலம் அவள் வருவதற்குள் திரும்பிவிடலாம். இந்த மலையிலிருந்து கேட்டிருப்பவர்களில் நான்தான் மூத்தவள். முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு இடம்தான். இளவரசியும் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சங்கடமாகத்தான் இருந்தது. அவளே அதைத் துடைத்துவிட்டாள். "உங்களுக்குத்தான்க்கா மொதல்ல. இனியா சின்னப் புள்ள. நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, பேரு கூப்புடறப்ப ஆள் இல்லன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்றேன். "சும்மா கேட்டேன்" என்றாள்.

பாறையில் இன்று செயலியின் இன்னொரு வேலையைக் காட்டினாள். தேதியை முன்னும் பின்னும் தள்ளலாம். விரலை இழுக்க இழுக்க வெள்ளி மேலே ஏற ஆரம்பித்தது. "வர்ற செவ்வாக்கெழம ரெண்டும் ஒட்டிக்கும்க்கா. அப்புறம் ஒண்ணு கீழ எறங்கிடும்."

"எது?"

"சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க." போனைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியும் இன்னும் இந்த விளையாட்டு போகவில்லை.

ஜூன் 6, சனி

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். இனியா சொன்னதை அவள் டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்ல ரெண்டு அம்மா. பள்ளிக்கூடம் இருந்தா அத்தை. லீவுன்னா அம்மா."

நானும் சிரித்தேன். ஒரு டீச்சர் முன்னால் இன்னொரு டீச்சர் வேறென்ன செய்ய முடியும்?

அத்தை என்பது அவருடைய அக்கா பாக்கியம். பாவம், தங்கமான மனுஷி. இனியாவுக்கு வகிடு எடுத்து அவர் பின்னுகிற மாதிரி எனக்குப் பின்ன வராது. இன்று நான் பின்னிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, அவிழ்த்துக்கொண்டு அத்தையிடம் போனாள்.

இந்தக் கலந்தாய்வு எனக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம், இது வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

வெள்ளியும் வியாழனும் ஒட்டிக்கொள்ளும் நாள். மேகம். ஒன்றும் தெரியவில்லை. இளவரசி பாறைக்கு வரவே இல்லை, தலைவலியாம்.

ஜூன் 11, வியாழன்

மழை. விலையில்லா நோட்டுகள் நனையாமல் இருக்க அலமாரியை நானும் சத்துணவு அம்மாவும் நகர்த்தினோம். இளவரசியைக் கை கொடுக்கக் கூப்பிட்டேன், வெயிட் தூக்கமாட்டேன் என்றுவிட்டாள். காலையில் வாந்தி வேறு. பலாப்பழத்தை அளவாகத் தின்னு என்றால் யார் கேட்கிறார்கள்? சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்லக்கா, நீங்க இல்லாம இந்த மலையில நான் எப்படி இருப்பேன்" என்றாள். நான் கீழே போய்விடுவேன் என்ற கவலை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவள் வீட்டுக்காரருக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை. அந்த வீட்டில் மாமியார், வேலையை விட்டுவிட்டு வா என்று நெருக்குகிறாராம். எந்த மாமியார்தான் நெருக்கவில்லை?

ஜூன் 15, திங்கள்

காலை பஸ்ஸில் நான் மட்டும் வந்தேன். இளவரசி இந்த வாரம் முழுக்க விடுப்பு. மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம். பொறுப்பில் இருப்பது நான் என்பதால் அனுமதித்ததும் நானே. "கீழ இருக்கேன்ல, ஆபீஸ் போயி கலந்தாய்வு தேதி கேட்டு ஒடனே சொல்றேன்க்கா. நீங்க அலையாதீங்க" என்று நேற்றே போனில் சொன்னாள். இந்த வாரக் கடைசியில் இருக்கும் என்பது வரை தெரியும். வியாழன் என்கிறார்கள் சிலர், வெள்ளி என்கிறார்கள் சிலர்.

மழையில் டவர் படுத்துவிட்டது. பாறையில் நின்றாலும் ஒரு கோடு வருகிறது, போகிறது. பேச முடியவில்லை. நெட் சுத்தமாக இல்லை. சாதா மெசேஜ் மட்டும் எப்போதாவது போகும்.

ஐந்து வகுப்பும் ஒரே அறையில். தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 16, செவ்வாய்

வானம் வெளுத்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் தனியாகப் பாறைக்குப் போனேன். மேற்கே இரண்டும் தெரிந்தன. நன்றாக விலகியிருந்தன. மேலே இருப்பது பளிச்சென்று, கீழே இருப்பது சற்று மங்கல். நான் போன முறை பார்த்தபோது கீழே இருந்ததுதான் பளிச். இடம் மாறிவிட்டனவா, இல்லை கீழே மேகம் கொஞ்சம் மறைக்கிறதா? என் போனை நீட்டிப் பார்க்க வழியில்லை. இளவரசிக்கு மெசேஜ் அடித்தேன்: "கீழே இருப்பது வியாழனா வெள்ளியா?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, தலை போகிற காரியத்தை விட்டுவிட்டு வானத்தைக் கேட்டிருக்கிறேன் என்று. உடனே இன்னொன்று அடித்தேன்: "கலந்தாய்வு வியாழனா வெள்ளியா?"

கொஞ்ச நேரம் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டும் போய்விட்டதாகக் காட்டியது.

ஜூன் 17, புதன்

மதிய இடைவேளையில் பாறைக்கு ஓடினேன். பதில் வந்திருந்தது. ஒரே சொல்: "வெள்ளி".

எழுத்துக்கு வரி போடுகிறார்களா என்ன? எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. ஆனாலும் கெட்டிக்காரி. என் இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே சொல்லில் பதில். அப்படியானால் கீழே இருப்பது வெள்ளியேதான், மேகம்தான் மங்கலாக்கியிருக்கிறது. கலந்தாய்வும் வெள்ளி. நாளை மறுநாள்.

"சரி, நீ அங்கே இருப்பாயா" என்று அனுப்பப் பார்த்தேன், போகவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு சாரை வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினேன். வருகிறேன் என்றார்.

சாயங்காலம் இரண்டுக்கும் நடுவே பிறை. பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். என்ன கேட்டிருப்பேன் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 18, வியாழன்

காலையில் சின்ன வகுப்புகளுக்குக் கிழமைகள் பாட்டு. இன்று என்ன கிழமை என்று கேட்டேன். வியாழக்கிழமை என்று கூரை அதிரக் கத்தினார்கள். நல்ல பிள்ளைகள். இவர்களை விட்டுப் போவது நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மாலையில் பாத்திரங்களைப் பிரித்து வைத்தேன். குக்கர் என்னுடையது, தோசைக்கல் அவளுடையது. குக்கரை அவளுக்கே விட்டுவிட்டுப் போகிறேன். தனியாக இருக்கப் போகிறவள்.

ஜூன் 19, வெள்ளி

நேற்று முடிந்துவிட்டது.

முதல் பஸ் பிடித்து, நேராக அலுவலகம் போனேன். கூட்டம் இல்லை. இன்னும் யாரும் வரவில்லை போல என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு ஊழியர் ஃபைல் கட்டோடு வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். பெயரைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கலந்தாய்வு நேத்தும்மா. உங்க பேரை மூணு தடவ கூப்ட்டோம். உங்க ஸ்கூல் டீச்சர் இங்கதான் இருந்தாங்க, அவங்களையும் கேட்டோம். வரலன்னு சொன்னாங்க."

"நயினாபுரம்?"

"அவங்கதான் எடுத்தாங்க. அடுத்த பேரு அவங்களது."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். குடித்தேனா என்று நினைவில்லை.

வெளியே வந்து இளவரசிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள், எடுத்ததும் அழுதாள். "அக்கா, நான் கெரகத்தைச் சொன்னேன்க்கா. கீழ இருக்கறது எதுன்னு கேட்டீங்க, வெள்ளின்னு போட்டேன். கலந்தாய்வு பத்தி நீங்க கேட்டதே எனக்கு வரல. தேதி தெரிஞ்சதும் போன் பண்ணேன், உங்களுக்குப் போகவே இல்ல. நீங்க எப்படியும் வந்துடுவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

ஆமாம், வந்திருக்காது. அந்தப் பாறையின் லட்சணம் எனக்குத் தெரியாதா? இரண்டு மெசேஜில் ஒன்று போகும், ஒன்று போகாது. போனதாகக் காட்டுவதெல்லாம் நம்ப முடியாது. நான்தான் அவசரத்தில் கிரகத்தையும் கிழமையையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன். இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவனுக்குக் கிரகம் வேறு, கிழமை வேறு. நமக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

வரவில்லை என்று அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் வரவில்லைதானே. கிடைக்கிற இடத்தை அவள் விட்டிருந்தால் அவளுக்கும் பின்னால் இருக்கிறவர் எடுத்திருப்பார். அவள் எடுத்ததே மேல்.

வீட்டுக்குப் போக மனமில்லை. பஸ் ஸ்டாண்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனியாவுக்கு என்ன சொல்வது?

ஜூன் 20, சனி

அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நீ நம்பறியா கோதை?"

நம்புகிறேன் என்றேன். அவள் எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி என்றேன். காய்ச்சலில் நான் கிடந்தபோது ஜீப் பிடித்து என்னை மடியில் போட்டுக்கொண்டு மலை இறங்கியவள் என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாக்கியம் அண்ணி, "சாப்பிடு பூங்கோதை, அப்புறம் அழலாம்" என்று தட்டை வைத்தார். நான் அழவே இல்லையே என்றேன். கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

இனியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன், இனியா பின்னாலேயே வந்தாள். மேற்கே பிரகாசமாக ஒன்று. "அம்மா, அது என்னா?" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே, காட்டலாம் என்று அவருடைய போனை வாங்கிச் செயலியை ஏற்றினேன். எட்டு போடச் சொன்னேன். இனியா இடுப்பை ஆட்டி ஆட்டி எட்டு போட்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவை சிரித்தேன்.

போனை நீட்டினாள். மேலே பளிச்சென்று இருந்ததன் மேல் வீனஸ் என்று எழுத்து வந்தது. வெள்ளி என்று சொல்லிக்கொடுத்தேன். "கீழ?" என்றாள். கீழே, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல், கொஞ்சம் மங்கலாக இன்னொன்று. போனை அங்கே இறக்கினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஜூ, பி, டர்.

ஜூபிடர் என்றால் வியாழன்.

முதலில் செயலிக்குத் திசை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். போனை வாங்கி நானே எட்டு போட்டேன். ஜூபிடர். சரி, இது இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்தேன். தேதியைப் பின்னால் தள்ளினேன். பதினெட்டு. பதினேழு. பதினாறு. கீழே இருந்தது வியாழன். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு எந்த நாளுக்குத் தள்ளினாலும் கீழே வியாழன்தான். மேகம் ஒன்றும் செய்யவில்லை. அவை இடம் மாறியிருந்தன.

இவ்வளவு நாள் மற்றவர்களுக்கு விடைத்தாள் திருத்தியவள் நான். இதைத் திருத்துகிறேன். நான் கேட்டது இரண்டு கேள்வி. கீழே இருப்பது எது? வியாழன். கலந்தாய்வு என்று? வியாழன். அவளுக்கு என் முதல் மெசேஜ் மட்டும் போயிருந்தாலும் விடை வியாழன்தான். இரண்டாவது மட்டும் போயிருந்தாலும் அதேதான். வெள்ளி என்ற பதிலுக்கு நான் கேள்வியே கேட்கவில்லை.

கிரகத்தைத்தான் சொன்னேன் என்கிறாளே, அந்தக் கிரகத்தையாவது சரியாகச் சொல்லியிருந்தால், நான் அதையே கிழமை என்று தப்பாகப் புரிந்துகொண்டு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்திருப்பேன். அவள் அதையும் யோசித்திருக்கிறாள். எது கீழே இறங்கும் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

எத்தனை நாளாக என்று யோசிக்கிறேன். கஷாயம் குடித்துவிட்டு என் கையைப் பிடித்து அழுதாளே, அப்போதேவா? தப்பாகப் பார்த்திருக்கலாம். மனுஷிதானே. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பதற்றம், போனைச் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் திசை குழம்பியிருக்கலாம். ஒருவேளை எட்டு போடாமல் பார்த்தாளோ?

இனியா போனைப் பிடுங்கிக்கொண்டு, "அம்மா, நீ அழுதா ஜூபிடர் எப்படித் தெரியும்?" என்றாள். கீழே இறங்கி வந்து அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், நீ நம்புகிறாயா என்று மறுபடி கேட்பார்.

இரவு இனியாவைத் தூங்க வைக்கும்போது, அம்மா இந்த வருடமும் மலைக்குத்தான் போகணும் என்று சொன்னேன். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். ஒரு அடம் இல்லை. பழகிவிட்டாள்.

ஜூன் 22, திங்கள்

பஸ்ஸில் தனியாக. நாலு வருடமாக என் பக்கத்து சீட் அவளுக்கு. இன்று ஒரு கோழிக்கூடை.

ஜூன் 24, புதன்

இளவரசி விடைபெற வந்தாள். பொறுப்பில் இருப்பது நான். பணி விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியதும் நான், வாழ்த்திப் பேச வேண்டியதும் நான், பொன்னாடை போர்த்த வேண்டியதும் நான். சால்வையை நானே கடையில் நின்று பார்த்து வாங்கினேன். நல்ல சந்தன நிறம். மட்டமானதை வாங்கலாம் என்று கை போனது, வாங்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் பைக்கில் அழைத்துவந்தார். மலைப் பாதையில் பைக்கை அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் யாரையும் பார்த்ததில்லை. அவள் இறங்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சத்துணவு அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேசரியில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக் கொடுத்தார். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

பிள்ளைகள் அழுதார்கள். "இளவரசி டீச்சர் நல்லாப் பாடுவாங்க, நல்லா வெளையாடுவாங்க, வானத்துல இருக்கறதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்" என்று பேசினேன். கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சால்வையைப் போர்த்தும்போது முகம் பக்கத்தில் வந்தது. வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன். "அன்னிக்குக் கீழ இருந்தது வியாழன், இளவரசி."

மூன்று நாளாக நான் அதற்கு அவளுடைய பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அப்படியாக்கா? நான் தப்பாப் பாத்துட்டேன்" என்பாள். கண்ணை விரிப்பாள். "ஐயோ" என்பாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சத்தியமாக நம்பியிருப்பேன். வீட்டில் அவரிடம் போய், பாருங்கள், பாவம் அவளும் தப்பாகத்தான் பார்த்திருக்கிறாள் என்று சண்டை போட்டிருப்பேன். குக்கரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சால்வையின் முனையை இரண்டு கையாலும் இழுத்து வயிற்றின் மேல் மூடிக்கொண்டாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி நின்றோம். அந்த ஒரு பொய்யையாவது அவள் எனக்காகச் சொல்லியிருக்கலாம்.